ஜான் கால்ஸ்வொர்தி: பாரிஸ்டர் அங்கியை விட்டு நாவலுக்கு வந்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் மூன்று மாதங்களாக ஆங்கில நாவலாசிரியர் ஜான் கால்ஸ்வொர்தியைப் படித்து வருகிறோம். நான் தேவகோட்டையில் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல். அவரைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவனும் நான்தான் என்பதால் கேள்விகளெல்லாம் என்னிடமே வருகின்றன. கூட்டத்திலும் தொலைபேசியிலும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்தக் கால்ஸ்வொர்தி?

1867 ஆகஸ்ட் 14 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். அப்பா சொலிசிட்டர், சொத்தும் செல்வாக்கும் உள்ளவர். மகன் ஹாரோ பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் முடித்து, 1890இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1897இல் முதல் புத்தகம் வெளிவந்தது. 1906இல் வந்த நாவல் பெயரை நிலைநாட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களும் எழுதினார். 1932இல் நோபல் பரிசு. 1933 ஜனவரி 31 அன்று காலமானார்.

பாரிஸ்டர் என்றால் வக்கீல்தானே?

நம் நாட்டில் இன்று ஆமாம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டது. அதற்கு முன்பு இங்கும் பாரிஸ்டர், வக்கீல், பிளீடர், முக்தியார் என்று படிகள் இருந்தன. லண்டனுக்குப் போய்ப் படித்து வந்தவர்தான் பாரிஸ்டர். இங்கிலாந்தில் வேலையே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரைப் பார்ப்பது, பத்திரம் எழுதுவது, வழக்குக் கட்டைத் தயார் செய்வது சொலிசிட்டர் வேலை. உயர்ந்த நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுவது பாரிஸ்டர் வேலை. லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, தேர்வு எழுதி, அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்தும் சாப்பிட்டால்தான் அந்தப் பட்டம்.

பாரிஸ்டர் படித்துவிட்டு நீதிமன்றத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர் நம்மிடமும் உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அவர் மனம் ஆலைகளுக்கும், பிறகு 1947இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரிக்கும் போனது.

கால்ஸ்வொர்தி எத்தனை வழக்கு நடத்தினார்?

சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. வீட்டில் பணம் இருந்தது, கட்சிக்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தேவை இல்லை. கப்பல் தொடர்பான வழக்குகளில் தேறலாம் என்றும், குடும்பத் தொழில் விவகாரங்களைப் பார்த்து வரலாம் என்றும் கனடா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். தொழிலில் தோற்றதால் எழுத வந்தவர் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் தொழிலில் இறங்கவே இல்லை. ஆனால் சட்டம் படித்த கண் கடைசிவரை அவரிடம் இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

எழுதும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

இரண்டு பேரிடமிருந்து என்று சொல்லலாம்.

1893இல் நண்பர் ஒருவருடன் தென்கடல் தீவுகளுக்குப் போக நினைத்தார். சமோவாவில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சனைப் பார்ப்பது நோக்கம். ஸ்டீவன்சனும் 1875இல் ஸ்காட்லாந்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, பிறகு எழுத்துக்கே போனவர்தான். ஆனால் சமோவா போய்ச் சேர முடியவில்லை. திரும்பும் வழியில் அடிலெய்டில் 'டாரன்ஸ்' என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார். அந்தக் கப்பலின் முதல் துணை அதிகாரி ஒரு போலந்துக்காரர். அவர் பெட்டியில் பாதி எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. பின்னாளில் நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அப்போது இருவரில் ஒருவர்கூட ஒரு புத்தகமும் வெளியிட்டிருக்கவில்லை. தேடிப்போனவரைப் பார்க்கவில்லை, தேடாதவர் வாழ்நாள் நண்பரானார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது. கப்பல் ஏறிப் போனவர்களின் ஊர் நம்முடையது. பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போன எத்தனை பேருக்கு மேல்தளத்தில் கிடைத்த ஒரு சிநேகம் வாழ்க்கையையே மாற்றியிருக்கும்!

இரண்டாமவர் ஏடா. 1895இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில், நீங்கள் ஏன் எழுதக் கூடாது, அதற்கு ஏற்றவர் நீங்கள்தானே என்று கேட்டவர்.

முதல் புத்தகங்களில் அவர் பெயரே இல்லையாமே?

உண்மை. முதல் நான்கு நூல்களையும் ஜான் சின்ஜான் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1897இல் வந்த சிறுகதைத் தொகுதிதான் முதலாவது. பின்னாளில் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே அவர் விரும்பவில்லை. சொந்தப் பெயரில் வந்த முதல் நாவல் 1904இல். 28 வயதில் எழுதத் தொடங்கியவர், தன் பெயரைப் போடும் துணிவுக்கு வர ஒன்பது ஆண்டுகள் பயிற்சி எடுத்திருக்கிறார். எங்கள் தொழிலில் ஜூனியராக இருக்கும் காலம் மாதிரிதான்.

ஏடா யார்? திருமணம் பற்றி ஏதோ சிக்கல் என்கிறார்களே?

ஏடா அவருடைய பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளில் ஒருவரான ஆர்தரின் மனைவி. அந்தத் திருமணம் ஏடாவுக்குப் பெரும் துன்பமாக இருந்தது. 1857ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டப்படி, மனைவியின் கள்ள உறவு ஒன்றைக் காட்டினாலே கணவன் மணவிலக்குப் பெறலாம். மனைவிக்கு அது போதாது. கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த வேறுபாடு 1923 வரை நீடித்தது. கால்ஸ்வொர்தியின் அப்பா உயிரோடு இருக்கும்வரை இருவரும் வெளிப்படையாகச் சேர்ந்து வாழவில்லை. முதியவர் மனம் நோகக் கூடாது என்று சுமார் பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். 1904 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு மணவிலக்கு, செப்டம்பர் 23 அன்று திருமணம். அதற்கடுத்த ஆண்டு 'தி மேன் ஆஃப் ப்ராபர்ட்டி' நாவல்.

ஒரு பெண்ணைச் சட்டம் எப்படிக் கணவனின் உடைமையாக எண்ணுகிறது என்பதை அவர் பாடப் புத்தகத்தில் படித்தார், பிறகு பத்தாண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தார். இரண்டும் சேராமல் அந்த நாவல் பிறந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபோர்சைட் குடும்பக் கதையைச் செட்டிநாட்டில் ஏன் படிக்க வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

ஃபோர்சைட் என்பது 'தி மேன் ஆஃப் ப்ராபர்ட்டி' நாவலில் வரும் லண்டன் பணக்காரக் குடும்பத்தின் பெயர். மூதாதை ஒருவர் கல்தச்சராக இருந்து வீடு கட்டிப் பொருள் சேர்த்தவர். அவர் மக்கள் பத்துப் பேர். தேயிலை, வீட்டு மனை, பங்குப் பத்திரம், சொலிசிட்டர் தொழில் என்று ஆளுக்கொரு வகையில் பெருக்குகிறார்கள். நாவல் 1886 ஜூன் 15 அன்று ஒரு நிச்சயதார்த்த விருந்தில் தொடங்குகிறது. குடும்பம் முழுவதும் பட்டும் நகையுமாகக் கூடியிருக்கிறது. மாப்பிள்ளையாகப் போகிறவன் பொசினி என்ற கட்டடக் கலைஞன், கையில் காசில்லாதவன். அவன் போட்டு வந்த பழைய தொப்பியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பேஸ்வாட்டர் ரோட்டில் திமோத்தி என்ற சகோதரரின் வீட்டில் வயதான அத்தைமார் இருக்கிறார்கள். யார் என்ன வாங்கினார், யார் வீட்டில் என்ன பேச்சு என்பதெல்லாம் அன்று மாலைக்குள் அந்த வரவேற்பறைக்கு வந்துவிடும்.

இதைப் படித்தபோது கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நான் பார்த்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு வளவுகள் கண்முன் வந்தன. சாந்திக் கல்யாணத்தன்று முகப்பில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் பெரியவர்கள். இரண்டாம் கட்டில் ஆச்சிமார் பேச்சு. ஒரு தலைமுறையில் கடல் கடந்து ஈட்டியதை அடுத்த தலைமுறை தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக ஊரில் எழுப்பியது. வேறுபாடுகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள், கோயிலுக்குப் புள்ளி வரி, மகமை என்று பொதுவுக்கு எடுத்துவைக்கும் ஒழுங்கு இருந்தது. ஃபோர்சைட்டுகளிடம் அப்படி எதுவும் இல்லை. பர்மாவில் 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்ததுபோன்ற ஓர் இடியும் அவர்கள் தலையில் விழவில்லை.

ஆனால் சொத்து மனிதரை எப்படி வார்க்கிறது என்பதில் லண்டனும் செட்டிநாடும் பேசிக்கொள்ள முடிகிறது. இதை எழுதியவர் வெளியே நின்று கேலி பேசியவர் அல்லர். அந்த வர்க்கத்தில் பிறந்து, அந்தப் பணத்தில் படித்து, அந்த முதியவர்களை நேசித்தவர். அந்தக் குடும்பத்தின் பெரியவரான கிழவர் ஜோலியனை அவர் எழுதியிருக்கும் பக்கங்களில் மகனின் பாசம் தெரிகிறது.

நாவலில் நீதிமன்றக் காட்சி உண்டா?

உண்டு. ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், நான் படித்த நீதிமன்றக் காட்சிகளில் அதைப் போல என்னை உலுக்கியது வேறில்லை.

சோம்ஸ் ஃபோர்சைட் சொலிசிட்டர். அழகான மனைவி ஐரீனைக் கண்காணிப்புக்குள் வைத்திருக்க, ஊருக்கு வெளியே ராபின் ஹில் என்ற இடத்தில் வீடு கட்டுகிறான். கட்டும் பொறுப்பு பொசினிக்கு. ஐரீனுக்கும் பொசினிக்கும் இடையே காதல் வளர்கிறது. செலவும் வளர்கிறது. பன்னிரண்டாயிரம் பவுனும் சொச்சமும் என்று வரம்பு கட்டி எழுதிய சோம்ஸ், ஒரு கடிதத்தில், இந்தக் கடிதப் போக்குவரத்தின் நிபந்தனைகளுக்குள் உமக்கு முழுச் சுதந்திரம் என்றும் எழுதிவிடுகிறான். செலவு வரம்பைத் தாண்ட, 350 பவுனுக்கு வழக்குப் போடுகிறான். 'முழுச் சுதந்திரம்' பெரிதா, 'நிபந்தனைகளுக்குள்' பெரிதா? ஒப்பந்த வழக்கு நடத்திய எவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். எங்கள் முன்சீப் கோர்ட்டில் கட்டட ஒப்பந்தக்காரர் வழக்குகள் பாதி இப்படி ஒரு சொற்றொடரில்தான் தொங்குகின்றன.

விசாரணை நாளன்று பிரதிவாதியின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார்கள். ஆள் வரவில்லை. வாதம் நடக்கிறது, தீர்ப்பு சோம்ஸ் பக்கம். பொசினி ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. லண்டனின் அடர்ந்த பனிமூட்டத்தில் வண்டியில் அடிபட்டு அவன் இறந்து கிடக்கிறான்.

எங்கள் நீதிமன்றத்திலும் டவாலி வராந்தாவுக்கு வந்து மூன்று முறைதான் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் 'ஒருதலைப்பட்சம்' என்று ஒரு குறிப்பு, அடுத்த கட்டு. அந்த அத்தியாயத்தைப் படித்த மறுநாள் காலை, யாரோ ஒரு பிரதிவாதியின் பெயர் மூன்றாம் முறை ஒலித்தபோது நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். அன்றிலிருந்து அப்படித்தான்.

வழக்கில் வென்ற சோம்ஸுக்கு அந்த நாவலில் வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். மனைவி மீது கணவனுக்கு உள்ள 'உரிமை' என்று அவன் நினைத்ததை ஓர் இரவு அவன் வலிந்து எடுத்துக்கொண்டதும் அதே பக்கங்களில் வருகிறது. கால்ஸ்வொர்தி அதைக் கூச்சலிட்டுச் சொல்லவில்லை. மறுநாள் காலை உணவு மேசையில் அவன் மனத்தில் திரும்பத் திரும்ப வரும் அழுகைச் சத்தமாகச் சொல்கிறார்.

அவருடைய எழுத்தால் சட்டம் மாறியது என்பது உண்மையா?

சிறை நடைமுறை மாறியதில் அவருக்குப் பங்கு உண்டு. அன்றைய இங்கிலாந்தில் கடுங்காவல் தண்டனை பெற்றவர்களை முதல் சில மாதங்கள் தனி அறையில் அடைத்துவைப்பார்கள். கால்ஸ்வொர்தி சிறைகளுக்குள் போனார், கைதிகளிடம் பேசினார், 1909இல் உள்துறை அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1910 பிப்ரவரியில் 'ஜஸ்டிஸ்' என்ற நாடகம் லண்டனில் மேடையேறியது. ஃபால்டர் என்ற இளம் குமாஸ்தா, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற, ஒன்பது பவுன் காசோலையைத் தொண்ணூறாகத் திருத்துகிறான். மூன்றாண்டுத் தண்டனை. சிறை அறைக் காட்சி ஒன்றில் வசனமே கிடையாது. ஃபால்டர் நடக்கிறான், நிற்கிறான், கேட்கிறான். தொலைவில் யாரோ ஒரு கைதி கதவைத் தட்டுகிறான். சத்தம் அறை அறையாக நெருங்கி வருகிறது. கடைசியில் இவனும் பாய்ந்து தன் கதவில் அறைகிறான். திரை விழுகிறது.

அப்போதுதான் உள்துறை அமைச்சராகியிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் நாடகத்தைப் பார்த்தார். தனியறைக் காலத்தைக் குறைத்தார். வாய் பேசிப் பிழைக்கும் தொழிலுக்குப் படித்த ஒருவர், ஒரு சொல்லும் இல்லாத காட்சியால் அதைச் சாதித்தார்.

அதற்கு முன்பே 1906இல் எழுதிய 'தி சில்வர் பாக்ஸ்' நாடகத்தில், குடிபோதையில் ஒரே மாதிரிக் குற்றம் செய்த பணக்கார மகனும் ஏழைத் தொழிலாளியும் ஒரே சட்டத்திடம் வேறுவேறு முடிவு பெறுகிறார்கள். நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் எவருக்கும் இது புதிதல்ல.

அவரைப் பழசு என்று ஒதுக்கியவர்களும் உண்டாமே?

உண்டு. 1924இல் வர்ஜீனியா வுல்ஃப், கால்ஸ்வொர்தி தலைமுறையினர் வீட்டையும் வாடகையையும் எழுதுகிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் ஆளை எழுதவில்லை என்று குறை சொன்னார். பிற்கால நாவல்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். கைப்பழக்கத்தில் எழுதிய பக்கங்கள் அவற்றில் உண்டு. 'தி மேன் ஆஃப் ப்ராபர்ட்டி' நாவலுக்குப் பொருந்தாது. சில குடும்பங்களில் வீட்டை விட்டுவிட்டு ஆளை எழுத முடியாது. அது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பரிசுகள்?

'சர்' என்னும் வீரப் பட்டத்தை 1918இல் வேண்டாம் என்றார். எழுத்தாளர்களுக்கான உலகச் சங்கமான பென் 1921இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். நோபல் பரிசை நேரில் போய் வாங்க உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. பரிசுப் பணத்தையும் அந்தச் சங்கத்துக்கே கொடுத்தார்.

தமிழில் இப்படிச் சட்டத்திலிருந்து வந்தவர்கள் யார்?

தமிழ் நாவலே நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது என்பேன். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவரும் அவரே. வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னிலேயே பாரிஸ்டருக்குப் படித்தார், கால்ஸ்வொர்தி படித்து ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்குப் பின். முடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, பட்டம் வாங்காமலே வந்தார். புதுச்சேரியில் இருந்தபடி எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்று. நம் காலத்தில் 'சோளகர் தொட்டி' எழுதிய ச. பாலமுருகன் வழக்கறிஞர்.

எதிலிருந்து தொடங்குவது?

'தி மேன் ஆஃப் ப்ராபர்ட்டி' நாவலிலிருந்து. முதல் அத்தியாயத்தில் பெயர்கள் கூட்டமாக வரும். ஒரு தாளில் வம்சாவளி போட்டுக்கொண்டால் பத்துப் பக்கத்தில் பழகிவிடும். பாகப்பிரிவினை வழக்குக்குப் போடும் வம்சாவளி போலத்தான். பிறகு 'இன் சான்சரி' (1920), 'டு லெட்' (1921). இம்மூன்றையும் இடையில் வரும் இரு சிறு கதைகளையும் சேர்த்து 1922இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்க நேரம் குறைவு என்பவர்கள் 'ஜஸ்டிஸ்' நாடகத்தை ஒரே மாலையில் முடிக்கலாம்.

நான் இளம் வக்கீல். கட்சிக்காரர் கதையை எழுதலாமா?

கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை எழுதக் கூடாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவாக இருந்த தடை, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 132ஆம் பிரிவாக இருக்கிறது. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்களில் வீட்டின் முகப்பை வருணித்தாலே இன்னார் வீடு என்று கண்டுகொள்வார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது நிகழ்ச்சியை அல்ல, அதற்குள் இருக்கும் முடிச்சை. இன்னொன்று: கோட்டைச் சீக்கிரம் கழற்ற வேண்டாம். கால்ஸ்வொர்திக்கு அப்பா வீட்டுப் பணம் இருந்தது.

செட்டிநாட்டுக்கு இப்படி ஒரு பெருங்கதையை நீங்களே எழுதலாமே?

என் வேர் நகரத்தார் வீட்டில் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர்கள் பத்திரங்களைப் படிக்கிறேன். பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) ஆவணம், இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், ஐந்தொகை, பேரேடு எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆனால் ஆவணம் முகப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே பிறந்த ஒருவர், குறிப்பாக ஒரு பெண், எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏன் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பாகப்பிரிவினை வழக்கொன்றில் நீதிமன்றம் என்னை ஆணையராக அனுப்பியது. வீட்டை அளந்து, அசையும் பொருள்களைப் பட்டியல் எடுக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட பங்காளிகள். வளவில் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆச்சி ஒருவர் அங்கே இருந்தார். சாமான் அறையைத் திறந்து, பித்தளை அண்டா, குடம், தூக்கு என்று எண்ணத் தொடங்கினோம். ஆச்சி வந்து நின்று, "தம்பி, எழுதுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்" என்றார்.

கவிழ்த்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் எழுத்து வெட்டியிருந்தது. வீட்டு விலாச எழுத்து உள்ளவை பொதுவில் சேரும். ஆச்சியின் அப்பச்சி (அப்பா) வீட்டு எழுத்து உள்ளவை சீராக வந்தவை, அவை அவருக்கே உரியவை. என் குமாஸ்தா இரண்டு பத்திகள் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சின்னத் தூக்குவாளி. அடியில் இரண்டு எழுத்துகள், இரண்டு வீட்டுக்கும் சேராதவை.

"இது யாருடையது, ஆச்சி?"

"என் மாமியார் மகளுக்கு வெட்டியது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டாள். அவளுக்குப் போகவிருந்த வீட்டு எழுத்து."

குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆச்சி தூக்குவாளியை வாங்கி, முந்தானையால் துடைத்து, பட்டியல் எடுத்து முடித்த சாமான்களின் பக்கம் வைக்காமல் தம் அறைக்குள் கொண்டுபோனார். நான் அடுத்த உருப்படியைச் சொல்லச் சொன்னேன்.